புதுப்பிப்பு: ‘விங்ஸ்பேன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கிடைத்துவிட்டது

மதுரை அருகே உள்ள சாமநத்தம் கண்மாய்ப் பறவைக் குறிப்புத் தாளில் ‘விங்ஸ்பேன்’ (wingspan: விரித்த இறக்கைகளின் நுனிக்கு நுனி அளவு) என்பதற்கு என்ன சொல் போடலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. ‘இறக்கை விரிப்பு’ என்ற பரிந்துரையே நின்றது.

‘இறக்கை அகலம்’ சரிவரவில்லை. அது முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை. ‘இறக்கை நீளம்’ இன்னும் குழப்பம். பறவை அளப்பவர்களுக்கு அது மடக்கிய இறக்கையின் மணிக்கட்டு வளைவிலிருந்து மிக நீண்ட இறகின் நுனி வரை. அதை இரட்டித்தால் விரிப்பு வராது: மேற்கை, முன்கை, உடம்பு மூன்றும் விட்டுப்போகும். விரிப்பு என்றால் இரண்டு இறக்கையையும் முழுக்க நீட்டி, உடம்பையும் சேர்த்து, நுனிக்கு நுனி நேர்கோட்டில் எடுப்பது. இரு கையையும் விரித்துக் கயிற்றை ‘மார்’ போட்டு அளக்கிறோமே, அதே கணக்கு என்று ஒருவர் எழுதியதுதான் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது. அந்த வரியை அப்படியே தாளில் சேர்த்தாயிற்று.

மஞ்சள் மூக்கு நாரைக்கு 150–160 செ.மீ., கூழைக்கடாவுக்கு இரண்டு மீட்டருக்கு மேல்.

எதிர்பாராதது: விமானத்துக்கும் இச்சொல் பொருந்துகிறது. ஏடிஆர் 72-க்கு 27.05 மீட்டர். இறக்கை நுனி மேல்நோக்கி வளைந்த ஏர்பஸ் ஏ320-க்கு 35.8 மீட்டர், வளைவை ஒட்டி அளப்பதில்லை, கிடைமட்டத் தூரம் மட்டுமே. 36 மீட்டருக்குள் இருப்பதால்தான், விமான நிலையங்களுக்காக விமானங்களை இறக்கை விரிப்பை வைத்துப் பிரிக்கும் முறையில் அது ‘சி’ பிரிவில் வருகிறது.