ஸ்பானிஷ்: குஸ்தா, குஸ்தான் குழப்பம்

கேள்வி
"எனக்குக் காப்பி பிடிக்கும்" என்பதை "யோ குஸ்தோ கஃபே" என்று எழுதினால் தவறு, "மே குஸ்தா எல் கஃபே" என்றுதான் வர வேண்டும் என்கிறார்கள். அந்த "எல்" எதற்கு? சில வாக்கியங்களில் "குஸ்தான்" வருவது ஏன்? "ஆ மரீயா லே குஸ்தா" என்பதில் பெயரைச் சொன்ன பிறகும் "லே" எதற்கு?

பதில் 1
ஆங்கில வழியில் படித்தால் இது தலைகீழாகத் தெரியும். தமிழிலிருந்து நேரே போங்கள். மே = எனக்கு, தே = உனக்கு, லே = அவனுக்கு, அவளுக்கு, உங்களுக்கு (மரியாதை ஒருமை), நோஸ் = நமக்கு, லேஸ் = அவர்களுக்கு. ஸ்பெயினில் "உங்களுக்கு" என்று நண்பர் கூட்டத்தைச் சொல்ல ஓஸ் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் லேஸ்தான்.

யோ = நான். "யோ குஸ்தோ" என்றால் பிடித்துப்போகும் பொருள் நீங்களே என்றாகிவிடும். வாக்கியத்தின் எழுவாய் காப்பி. வினை அதைப் பார்த்துத்தான் மாறும். எல் கஃபே ஒருமை, ஆகவே குஸ்தா. லோஸ் மாங்கோஸ் (மாம்பழங்கள்) பன்மை, ஆகவே மே குஸ்தான். தமிழர் தடுக்கி விழுவது இங்கேதான்: பழம் ஒன்றானாலும் பத்தானாலும் நமக்கு "பிடிக்கும்" ஒன்றே. பிடிக்கும் ஆட்களை எண்ணாதீர்கள், பொருளை எண்ணுங்கள். "எங்களுக்குக் காப்பி பிடிக்கும்" என்பது நோஸ் குஸ்தா எல் கஃபே. நோஸ் பன்மை என்பதற்காகக் குஸ்தான் வராது.

எல், லா, லோஸ் எல்லாம் ஆங்கில "the" போன்ற சொற்கள். பொதுவாகக் காப்பி என்ற பொருளே எழுவாயாக நிற்பதால் "எல்" கட்டாயம். செயலைச் சொன்னால் அது வேண்டாம்: மே குஸ்தா லேயேர் (படிக்கப் பிடிக்கும்). இரண்டு செயல்களை அடுக்கினாலும் குஸ்தாதான்.

"லே" யாருக்கு என்று தெரியாது. அவனா, அவளா, நீங்களா? "ஆ மரீயா" அதைத் தெளிவாக்குகிறது. தெளிவான பிறகும் லேயை விட முடியாது.

பதில் 2
மேலே சொன்னதில் ஒரு ஓட்டை. "எனக்கு மரீயாவைப் பிடிக்கும்" என்று நாம் "ஐ" சேர்க்கிறோம். ஸ்பானிஷில் மனிதர் செயப்படுபொருளாக வந்தால் முன்னால் "ஆ" போடுவார்கள், ஏறக்குறைய நம் "ஐ" மாதிரி. அந்தப் பழக்கத்தில் "மே குஸ்தா ஆ மரீயா" என்று எழுதிவிடுவார்கள். தவறு. மரீயா எழுவாய்; "மே குஸ்தா மரீயா" போதும்.

அதையும் யோசித்துச் சொல்லுங்கள். ஆளைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் காதல் தொனி வரும், "மே குஸ்தாஸ்" (எனக்கு உன்னைப் பிடிக்கும்) என்பது கிட்டத்தட்ட காதல் அறிவிப்பு. நல்ல மனிதர், பழகப் பிடிக்கிறது என்ற அளவில் "மே காயே பியேன்" போதும். அலுவலக நண்பரிடம் இதுவே பாதுகாப்பு.

பதில் 3
"எனக்கு" வந்தாலே "மே" என்று பழகிவிட வேண்டாம். தலைவலிக்குச் சரி: மே துயேலே லா காபேசா. கண் இரண்டும் வலித்தால் மே துயேலென் லோஸ் ஓஹோஸ். ("என் தலை" என்று உடைமைச் சொல் போட வேண்டாம், லா போதும்.) ஆனால் பசிக்கு "தெங்கோ ஆம்ப்ரே", அதாவது பசியை வைத்திருக்கிறேன். தாகத்துக்கும் தெங்கோதான். எனக்குத் தெரியும் = லோ சே, எனக்குப் புரிகிறது = எந்தியெந்தோ, எனக்கு வேண்டும் = கியேரோ. இவற்றில் எழுவாய் நான்.

கேட்டவர்
நன்றி. "எனக்கும்தான்" என்று ஒத்துப் பேச "யோ தம்பியேன்" சரியா? இறந்தகாலம்?

பதில் 1
குஸ்தா, குஸ்தான் இரண்டுக்கும் மூல வினை குஸ்தார். அதற்குப் பதில் சொல்லும்போது "ஆ மீ தம்பியேன்". அவருக்குப் பிடிக்காதது உங்களுக்கும் பிடிக்காவிட்டால் "ஆ மீ தம்போகோ".

நேற்றுப் பார்த்த படம் பிடித்திருந்தது என்றால் மே குஸ்தோ, அழுத்தம் கடைசி "தோ"வில். எழுதும்போது அந்த ஓ மேல் கோடு வரும். கோட்டை விட்டால் "என்னை எனக்கே பிடிக்கிறது" என்று படிப்பார்கள். "சின்ன வயதில் பால் பிடிக்கும்" என்று நாம் "பிடிக்கும்" போடும் இடத்தில் அவர்கள் மே குஸ்தாபா லா லேச்சே என்பார்கள். கடையில் பணிவாகக் கேட்க மே குஸ்தாரியா. இதற்குப் பின் நேரே வினை: மே குஸ்தாரியா ப்ரோபார் எஸ்தோ, இதைச் சுவைத்துப் பார்க்க விரும்புகிறேன்.