அலெக்ஸாண்டர் சொல்லும் ஆறடி பால்கனி மதுரைக்குச் சரிப்படுமா?

மதுரைக்காரன்:
வணக்கம். நான் மென்பொருள் ஆள். எங்கள் துறையில் தினமும் புழங்கும் டிசைன் பேட்டர்ன் (அடிக்கடி வரும் ஒரு சிக்கலுக்கான தீர்வு வடிவம்) என்ற யோசனை, 1987இல் மென்பொருள்காரர்கள் கென்ட் பெக்கும் வார்டு கன்னிங்ஹாமும் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று தெரிந்து, அவருடைய 1977ஆம் ஆண்டுப் புத்தகமான 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' வாங்கினேன். வீடு, ஊர் அமைப்பதற்கு மொத்தம் 253 பேட்டர்ன்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நாங்கள் இப்போது 30க்கு 40 மனையில் வீடு கட்டப்போகிறோம். மேற்குப் பார்த்த மனை, இரு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். எல்லா அறைக்கும் இரண்டு பக்கம் வெளிச்சம் வேண்டும் (159), பால்கனி ஆறடிக்குக் குறையக் கூடாது (167) என்கிறார் அவர். எங்கள் இன்ஜினியரோ, "மதுரை வெயிலுக்கு ரெண்டு பக்கமும் ஜன்னலா? பால்கனிக்கு மூணடி தாராளம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கரணை:
தம்பி, வெயிலைப் பற்றி இன்ஜினியர் சொல்வது சரிதான். ஆனால் 159ஐ இன்னொரு தரம் படியுங்கள். அங்கே அலெக்ஸாண்டரின் கவலை முகத்தைப் பற்றியது. ஒரே பக்கம் ஜன்னல் உள்ள அறையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவரின் முகம் இருண்டு கிடக்கும். எதிரே இருப்பவருக்குக் கண் கூசும். பேசுகிறவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்றே தெரியாது. ஜன்னலைப் பெரிதாக்கினால் கூச்சம்தான் கூடும். இன்னொரு பக்கத்திலிருந்து கொஞ்சம் மெல்லிய வெளிச்சம் வந்தால் சரியாகிவிடும்.

காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், வடிவத்தை நம் ஊருக்குத் தக்கபடி மாற்றலாம். தனக்கு உறுதியாகத் தெரிந்ததற்கு இரண்டு நட்சத்திரம், தெரியாததற்கு நட்சத்திரமே இல்லை என்று அவரே பிரித்து வைத்திருக்கிறார். நீங்கள் கேட்ட இரண்டுமே இரண்டு நட்சத்திரம் வாங்கியவை.

உங்கள் ஹாலுக்குப் பின்னால் வானம் பார்த்த சின்ன முற்றம் விடுங்கள், மேலே கிரில் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது வெளிச்சம் அங்கிருந்து வரும். மேற்கு வெயில் சாய்ந்து அடிப்பதால் சன்ஷேட் மட்டும் காப்பாற்றாது. அந்தப் பக்கம் செங்கல் ஜாலி வையுங்கள். முடிந்தால் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் வளாகத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் சுவர். வெயில் உடைந்து, கூசாத வெளிச்சமாக உள்ளே இறங்கும். காற்றும் தடைப்படாது.

மாடிவீட்டு மாலா:
எங்கள் அப்பார்ட்மெண்ட் பால்கனி மூன்றரை அடி. நாற்காலி போட்டால் முட்டி கிரில்லில் இடிக்கும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வழியில்லை, பஸ்ஸில் போல வரிசையாகத்தான் உட்கார வேண்டும். இப்போது துணி காயப்போடும் ஸ்டாண்டு மட்டும் நிற்கிறது. மதுரைக்காரரே, மூன்றடிக்குச் சம்மதிக்காதீர்கள். கரணை அண்ணா, எனக்கு ஏதாவது வழி உண்டா?

கரணை:
அம்மா, கட்டி முடித்த பால்கனியை ஒன்றும் செய்ய வேண்டாம். 180ஐப் பாருங்கள்: ஜன்னலை ஒட்டி உட்கார இடம். ஹால் ஜன்னலுக்குக் கீழே ஒன்றே முக்கால் அடி அகலத்தில் ஒரு பலகைத் திண்டு அடித்துவிட்டால், ஆள் தானாக அங்கே வந்து உட்காருவார்கள்.

தம்பி, ஆறடியையும் வெளியே நீட்டினால் கம்பிச் செலவு ஏறும். பால்கனியில் ஒரு பங்கை வீட்டுக்குள் வாங்கச் சொல்லி அதே 167இல் இருக்கிறது. மூன்றடி வெளியே, மூன்றடி உள்ளே என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் சுவர் அணைந்திருக்கும், தெருப் பார்வையும் நேராக விழாது. அப்புறம், மாடிப்படி எங்கே வருகிறது? அது தெரிந்தால்தான் முற்றத்துக்கு இடம் சொல்ல முடியும். பிளானை இங்கே போடுங்கள்.