1970ஆம் ஆண்டுக் காட்சியில் எந்தப் பவுடர் டின்னை வைப்பது?

செந்தூல் வாசகர்:
வணக்கம். 1970இல் பினாங்கில் இயங்கிய முடிதிருத்தகம் ஒன்றைக் களமாகக் கொண்டு குறும்படம் எடுக்கவிருக்கிறோம். கண்ணாடியின் முன் வைக்க வேண்டிய பவுடர், பிரில்கிரீம், சவரக் கிரீம் ஆகியவற்றை இப்போது கடையில் கிடைப்பவற்றிலிருந்தே வாங்கினால் போதுமா?

பழம்பொருள் பிரியர்:
போதாது, ஐயா. பிரில்கிரீம் 1928இலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டதால் பெயரில் பிழையில்லை. ஆனால், கடைகளில் இன்றுள்ள பார்கோடு முதன்முதலாக அமெரிக்காவில் வருடப்பட்டதே 1974 ஜூனில்தான் என்பதால், அந்தக் கோடுகள் தெரியும் எந்த டின்னும் உங்கள் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்புறமாகத் திருப்பி வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணாதீர்கள். முடிதிருத்தகத்தில் சுற்றிலும் கண்ணாடி அல்லவா! பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய டின்களைத் தேடிப் பாருங்கள்.

ஜார்ஜ்டவுன்காரி:
பொருளைச் சும்மா அடுக்காமல் கதைக்குள் கொண்டுவாருங்கள், அண்ணா. 1993இல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில், டைனோசர் கருக்களைக் கடத்துவதற்கான குளிர்கலமாக பார்பசால் சவரக் கிரீம் டின்னையே பயன்படுத்தியிருப்பார்கள். யாரும் சந்தேகப்படாத பொருள் என்பதே அதன் வலிமை.

செந்தூல் வாசகர்:
மிக்க நன்றி. எங்கள் கதையிலும் தொலைந்துபோன கடிதம் ஒன்று இருக்கிறது. அதைப் பவுடர் டின்னுக்குள்ளேயே ஒளித்துவிடுகிறோம்.