ரீஜோனிங்: பயன்பாடு மாறாமல் வகை மட்டும் மாறினால் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சங்கச் செய்திமடலுக்காக ஒரு நகராட்சி அறிவிப்பைத் தமிழில் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். நகராட்சி நிலம், வரைபடத்தில் 'பொழுதுபோக்கு'. ஆனால் அங்கே பல ஆண்டுகளாக இருப்பது சமூகக்கூடமும் வண்டி நிறுத்துமிடமும். இப்போது உள்ளபடியே பதிவைத் திருத்தப்போகிறார்கள். நிலத்துக்கு வரைபடத்தில் குறித்த வகையை இப்படி மாற்றுவதை ஆங்கிலத்தில் 'ரீஜோனிங்' என்பார்கள். இதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளுக்கு என் பதில்கள் கீழே.

> தமிழ்நாட்டில் 'நிலப் பயன்பாட்டு மாற்றம்' புழக்கத்தில் இருக்கிறதே?

ஐயா, பயன்பாடு மாறவில்லை, அதுதான் சிக்கல். நாளைக்கும் அதே கூடம், அதே வண்டிகள். அப்படி அச்சிட்டால் "கூடத்தை இடிக்கிறார்களா?" என்றுதான் கேட்பார்கள்.

> மறுமண்டலமாக்கம்?

சென்னைக்காரர்களுக்கு மண்டலம் என்றால் மாநகராட்சியின் நிர்வாகப் பிரிவு. வேண்டாம்.

> வரன்முறைப்படுத்தல்?

இது கொஞ்சம் ஆசைகாட்டியது. ஆனால் 2017-இல் தமிழ்நாட்டில் அங்கீகாரமில்லாத மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்ததிலிருந்து, அந்தச் சொல்லைக் கேட்டாலே 'ஏதோ விதிமீறல்' என்று படுகிறது. இங்கே கதை வேறு. டர்பனின் சாட்ஸ்வர்த் போன்ற பகுதிகள், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின் நிழலில், இந்தியர்களுக்கென்று ஒதுக்கி 1960-களில் எழுந்தவை. குடியேறியவர்களைக் கேட்டா வரைபடம் போட்டார்கள்? தாளில் ஒன்றும் தரையில் ஒன்றுமாக இருப்பதில் வியப்பில்லை. எதிர்த்திசையிலும் நடக்கலாம்: தாளில் குடியிருப்பு, தரையில் பிள்ளைகள் பந்து விளையாடும் திடல். அதைத் திடல் என்றே பதிவதை யாரும் வரன்முறை என்று சொல்ல மாட்டார்கள். நம் சொல் இரண்டு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும்.

> 'அனுபவ வகைமாற்றம்' என்றால் பத்திர மொழிக்கும் நெருக்கமாக இருக்கும்.

நெருக்கம்தான் ஆபத்து. பத்திரத்தில் 'அனுபவம்' (நிலத்தைக் கைவசம் வைத்து ஆள்வது) வந்தால் பாத்தியதையும், அதாவது உரிமையும், கூடவே வந்துவிடும். வகை மாறுவதால் நிலம் கைமாறுவதில்லை. நகராட்சி நிலத்தை விற்பதற்கு 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் தனியாக நிபந்தனை வைக்கிறது: குறைந்தபட்ச அடிப்படைச் சேவைகளுக்கு அந்த நிலம் தேவையில்லை என்று நகராட்சி மன்றம் பொதுமக்களுக்குத் திறந்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும்.

நான் முதலில் வைத்தது 'நிலவகை மாற்றம்'. அதற்கு ஓர் அம்மா எழுதினார்:

> நிலவகை என்றதும் எனக்கு நன்செய், புன்செய்தான் கண்ணில் நிற்கிறது.

சரிதான். அதனால் சட்டத்திடமே போனேன். 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2013-ஆம் ஆண்டின் இடத் திட்டமிடல் சட்டம் (இங்கே எல்லோரும் 'ஸ்ப்ளூமா' என்பார்கள்), ஒவ்வொரு நகராட்சியும் ஐந்தாண்டுக்குள் தன் எல்லை முழுவதற்கும் ஒரே நிலப்பயன்பாட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. வகை என்பது மண்ணில் இல்லை, அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே 'திட்டவகை'. ரீஜோனிங் பொதுவாகத் 'திட்டவகை மாற்றம்'. நாம் பேசும் இந்த ரகம் 'நடப்பொத்த திட்டவகை மாற்றம்'. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். 'நடப்பொப்புகை' என்று சுருக்கியவருக்கு நன்றி. ஆனால் அதைப் படித்தால் தேர்தல் ஒப்புகைச் சீட்டு நினைவுக்கு வருகிறது!

செய்திமடலில் இப்படி வரும்:

"சமூகக்கூடம் இருக்கும் நிலத்துக்கு நடப்பொத்த திட்டவகை மாற்றம் செய்ய நகராட்சி உத்தேசித்துள்ளது. கூடம் அப்படியே இருக்கும். நிலம் நகராட்சிக்கே சொந்தம். முடிவால் உரிமை பாதிக்கப்படுபவர்கள், அது அறிவிக்கப்பட்ட 21 நாட்களுக்குள் நகராட்சி மேலாளருக்கு எழுத்து மூலம் மேல்முறையீடு செய்யலாம்."

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். அப்புறம், 'பொழுதுபோக்கு நிலம்' என்பதும் எனக்கு உறுத்துகிறது, சினிமா கொட்டகை மாதிரி. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.