பிரிந்திருக்கும் தம்பதி: ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்கு என்ன சான்று?

அமெரிக்க வரித் தாக்கல் பார்ப்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

2024 கணக்கு, விவாகரத்து ஆகவில்லை. கணவர் ஜூன் 18 அன்றே தனியே போய்விட்டார். குழந்தை வருடம் முழுக்க அம்மாவிடம். வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அம்மாவுடையதுதான். கடைசி ஆறு மாதம் ஒரே வீட்டில் இல்லாததால், தனியாகத் தாக்கல் செய்யும் அம்மாவுக்கு ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு (குடும்பத் தலைவர் என்ற, வரி குறையும் தாக்கல் நிலை) பொருந்தும். (ஜூலை 2 போயிருந்தால் கதையே வேறு!) குழந்தையைக் கணக்கில் காட்டும் உரிமையை விட்டுக்கொடுக்கும் 8332 படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாலும் அப்பாவுக்குப் போவது சைல்டு டாக்ஸ் கிரெடிட்தான் (குழந்தைக்கான வரிச் சலுகை), இஐடிசி (குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கான வரிச் சலுகை) போகாது.

சிக்கல் சான்றில். கணவர் இருப்பது உள்வாடகை அறை, ஒப்பந்தம் கிடையாது. ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு இரண்டிலும் டிசம்பர் வரை பழைய முகவரி. பள்ளிக் கடிதம் குழந்தை இருந்ததைக் காட்டும், கணவர் இல்லாததைக் காட்டாதே. ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) கேட்டால் அறை கொடுத்தவரின் கடிதமும் வாடகை அனுப்பிய பதிவும் எடுபடுமா? வேறென்ன வாங்கி வைப்பீர்கள்?