ஏடிஎச்டி உள்ள பதின்வயதினருக்குத் தமிழில் ஸ்ட்ரூப் சோதனை: ஆலோசனை தேவை

அன்புடையீர்,

திருகோணமலையில் பாடசாலை ஆலோசனை ஆசிரியராகப் பணிபுரியும் நான், ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு) உள்ளதாக மருத்துவர்கள் இனங்கண்ட தரம் 8 முதல் 11 வரையான மாணவர்களின் தெரிவு அவதானத்தையும் (தேவையானதில் மட்டும் கவனம் வைத்தல்), முந்திக்கொண்டு வரும் துலங்கலை அடக்கும் ஆற்றலையும் பட்டப்பின் ஆய்வொன்றுக்காக அளவிட முயல்கிறேன்.

1935இல் வெளியான ஸ்ட்ரூப் சோதனையில், பச்சை மையில் அச்சிட்ட ‘சிவப்பு’ என்ற சொல்லை வாசிக்காமல் மையின் நிறத்தையே சொல்ல வேண்டும். வாசிப்பு தன்னியல்பாகியிருந்தால்தான் அங்கே இடையூறு (சொல்லின் பொருள் குறுக்கிட்டு நிறத்தைச் சொல்வதைத் தாமதப்படுத்துவது) தோன்றும் என்பதே என் சிக்கல். இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கும் மாணவனுக்கு இடையூறு குறைவாக இருப்பதைக் கண்டு, அவனது அடக்கும் திறன் சிறந்ததென்று நான் தவறாக முடிவுசெய்துவிடலாம். ‘சிவப்பு’ மட்டும் ‘பச்சை’, ‘நீலம்’, ‘மஞ்சள்’ ஆகியவற்றைவிட உச்சரிக்கச் சற்று நீள்வதும் உறுத்துகிறது.

பக்கத்து அம்புக்குறிகளைப் பொருட்படுத்தாமல் நடு அம்புக்குறியின் திசையை மட்டும் காட்ட வேண்டிய ஃபிளாங்கர் சோதனைக்கு வாசிப்பே தேவையில்லை; ஆயினும் இரண்டையும் ஒரே அமர்வில் நடத்தினால் களைத்துவிடுவார்கள் (இங்குள்ள மத்தியான வெக்கையில் யாருடைய அவதானம்தான் நிலைக்கும்?).

ஸ்ட்ரூப் சோதனையின் தமிழ் வடிவத்தைப் பயன்படுத்தியோர், வாசிப்பு வேகத்தை எவ்வாறு பிரித்துக் கணக்கிட்டீர்கள் என்பதையும், மெதைல்பெனிடேட் (ஏடிஎச்டிக்கான மருந்து) உட்கொள்ளும் மாணவர்களை எந்த நேரத்தில் சோதித்தீர்கள் என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.