டேப்லேச்சர் = மெட்டெண்? பேஸ் கிட்டார் கற்போரை முன்வைத்து ஒரு பரிந்துரை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். பேஸ் கிட்டாரில் ராக் பாடல்களைப் பழகுவோர் நாள்தோறும் புழங்கும் ‘டேப்லேச்சர்’ அல்லது ‘டேப்’ (தந்தியில் எங்கே அழுத்துவது என்பதைக் கோடுகளாலும் எண்களாலும் காட்டும் தாள்) என்ற சொல்லுக்கு இணையாக ‘விரற்குறி’, ‘அட்டவணை இசை’, ‘தந்திச் சுரலிபி’ ஆகிய மூன்றும் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றின் பின்னும் உள்ள உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் அவற்றுள் எதுவும் அந்தத் தாளில் உண்மையில் எழுதப்பட்டிருப்பதைச் சொல்லவில்லை என்பது என் கருத்து. ‘மெட்டெண்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

நான்கு தந்திகளுக்கு நான்கு கோடுகள். ஒவ்வொரு கோட்டின் மேலும் எண்கள். எண் 5 என்றால் அந்தத் தந்தியை ஐந்தாம் மெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி, fret) அழுத்தி மீட்ட வேண்டும். 0 என்றால் எங்கும் அழுத்தாமல் வெறுந்தந்தியை மீட்ட வேண்டும். தொடக்க நிலையில் பலரும் எடுத்துக்கொள்ளும் ‘செவன் நேஷன் ஆர்மி’ பாடலையே பார்ப்போம். தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழு 2003இல் வெளியிட்ட அப்பாடலின் முகப்பு வரி, பதிவில் கிட்டாரின் ஒலியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசிக்கப்பட்டது. எனினும் பேஸ் கிட்டாரில் அது இயல்பாக அமர்கிறது. ஏ (A) தந்தியின் கோட்டில் 7, 7, 10, 7, 5, 3, 2 என்று எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். இதில் முதலில் வரும் ஏழாம் மெட்டின் சுரம் ஈ (E). அதே ஈ, அதே உயரத்தில், தடித்த ஈ தந்தியின் பன்னிரண்டாம் மெட்டிலும் டி தந்தியின் இரண்டாம் மெட்டிலும் கிடைக்கிறது. ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறியீடு இம்மூன்றையும் ஒரே புள்ளியாகத்தான் காட்டும். எங்கே வாசிப்பது என்பதை வாசிப்பவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். டேப் அதற்கு நேர்மாறு: இடத்தைச் சொல்லும், சுரத்தின் பெயரைச் சொல்லாது. ஆகவே ‘சுரலிபி’ என்ற பெயர் இதற்குப் பொருந்தாது.

எளிய டேப் தாள் கால அளவையும் சொல்வதில்லை. மேற்கண்ட வரியில் கடைசி இரண்டு எண்களான 3, 2 ஆகியவை தலா இரண்டு தட்டு நீள்கின்றன; எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரிய வழியில்லை. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தாளத்தைக் காதில் ஏற்றிக்கொண்ட பிறகே அந்த எண்கள் பாட்டாகும். முழுமையான இசைக்குறியீடு என்ற எண்ணத்தைத் தரும் எந்தப் பெயரும் புதிதாகக் கற்பவரைத் தவறான எதிர்பார்ப்புக்குக் கொண்டுபோகும்.

‘விரற்குறி’ இதைவிடச் சிக்கலானது. 3 என்ற எண்ணைக் கண்டதும் மூன்றாம் விரல் என்று நினைத்துக்கொள்வது தொடக்கநிலை மாணவர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் குழப்பம். நாம் தரும் பெயரே அக்குழப்பத்தை உறுதிப்படுத்தக் கூடாது. மேலும், எந்த விரலால் அழுத்துவது என்பதைக் காட்டும் எண்கள் இசைத்தாள்களில் தனியாக உண்டு. ‘விரற்குறி’யை அவற்றுக்கென ஒதுக்கி வைப்பதே முறை. ‘அட்டவணை இசை’ மூலச்சொல்லின் வேரைப் பெயர்த்ததே தவிர, கற்பவருக்கு எதையும் விளக்குவதில்லை.

இனி ‘மெட்டு’. வீணைத் தண்டியில் மெழுகின்மேல் பதித்த 24 பித்தளைக் கட்டைகளை நம் வீணைக் கலைஞர்கள் மெட்டு என்றே அழைக்கிறார்கள். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள் செய்யும் வேலையும் அதுவே. புதுச்சொல் தேட வேண்டிய தேவையே இல்லாத இடம் இது. மெட்டு என்றால் பாடலின் இசையமைப்பு அல்லவா, ‘மெட்டுப் போடுவது’ என்று சொல்கிறோமே என்ற ஐயம் நியாயமானது. ஆனால் எண் என்ற சொல் சேர்ந்தவுடன் அந்த மயக்கம் நீங்கிவிடுகிறது. புணர்ச்சியிலும் இடர் இல்லை: மெட்டு, எண் என்ற இரண்டும் உகரம் கெட்டு மெட்டெண் ஆகின்றன. ‘இந்தப் பாட்டுக்கு மெட்டெண் இருக்கிறதா?’ என்று இயல்பாகக் கேட்கலாம். மெட்டெண் தாள், மெட்டெண் கோடு என்று நீட்டலாம். பேச்சில் ‘டேப்’ என்ற சொல்லோடு போட்டியிட இந்தச் சுருக்கம் மிகவும் அவசியம்.

ஒரு வலுவான மறுப்பையும் கருத வேண்டும்: எல்லா டேப்பும் மெட்டின் எண்ணைத் தருவதில்லை. 1507இல் வெனிஸில் பெட்ரூச்சி அச்சிட்ட, லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி இசைக்கருவிக்கான நூலில் எண்கள் இருந்தன. பிரெஞ்சு முறையிலோ எண்களுக்குப் பதில் எழுத்துகள். டிரம் கருவிக்கான டேப்பில் மெட்டே கிடையாது. எனவே இவை அனைத்துக்கும் பொதுவான சொல்லாக ‘இடக்குறிமுறை’யை வைத்து, கிட்டார் வகைகளுக்கு மெட்டெண் என்று வழங்கலாம் என்பது என் யோசனை.

துணைச்சொற்களில் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். ‘மேல் தந்தி’, ‘கீழ்த் தந்தி’ என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். கருவியை ஏந்தியவருக்குத் தடித்த ஈ தந்தி மேலே, முகத்துக்கு அருகில் இருக்கிறது. தாளிலோ அது அடிக்கோடு. பழைய இத்தாலிய முறையில் தடித்த தந்தியே மேற்கோடாக இருந்ததால், எது மேல் என்பது முறைக்கு முறை மாறுகிறது. ‘தடித்த தந்தி’, ‘மெல்லிய தந்தி’ என்று எழுதினால் எந்தத் தாளிலும் பிழை நேராது.

விரலைத் தந்தியிலேயே நகர்த்திச் செல்வதற்குக் கர்நாடக இசையில் வழங்கும் ‘ஜாரு’ போதும். வேறு சொல் வேண்டாம். மேலேறும் சாய்கோடு ஏற்ற ஜாரு, கீழிறங்குவது இறக்க ஜாரு. 1904இல் எட்டயபுரத்தில் வெளியான சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியும் இவ்விரண்டுக்கும் சாய்கோடுகளையே பயன்படுத்தியிருப்பதை எண்ணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. அங்கே ‘எண்’ணைவிட ‘இலக்கம்’ மிகுதியாக வழங்குவதால் ‘மெட்டிலக்கம்’ உங்களுக்கு இயல்பாகத் தோன்றலாம். இரண்டையும் மாற்றுச்சொற்களாகப் பதிவதா, மெட்டெண்ணை மட்டும் வைப்பதா என்பதை நீங்கள் சொன்ன பிறகு விக்சனரியில் பதிவைத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினன்